காதில்லாத குதிரை

போன வாரம் சூளையிலிருந்து வந்த என் மண்குதிரைக்கு ஒரு காது இல்லை. படம் போட்டதும் ஆளாளுக்கு "ஐயோ, பாவம்" என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு வருத்தமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நோட்டின் பின்பக்கமெல்லாம் படம் வரைந்து அடி வாங்கியவள் நான். வேலைக்கு வந்த பிறகு பன்னிரண்டு வருஷம் எக்செல் கட்டங்களைத் தவிர வேறு கோடு தெரியாது. அப்புறம்தான் சென்னையில் சனிக்கிழமை செராமிக் வகுப்பில் சேர்ந்தேன். சக்கரம், 1200 டிகிரிக்கு மேல் போகும் மின்சூளை, எல்லாம் இருந்தது. நான் செய்ததோ இன்ஸ்டாகிராமில் பார்த்த கோப்பைகள்தான். அதே வெளிர்சாம்பல், அதே புள்ளி. கொஞ்சம் கோணினாலும் அழுகை வரும்.

இந்தச் சமயத்தில் அறந்தாங்கிப் பக்கம் அம்மா ஊரில் புரவியெடுப்பு, ஐயனாருக்கு மண்குதிரை செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய் வைக்கும் திருவிழா. திருவிழாவுக்கு முன்பே போய், குதிரை செய்யும் குயவரான வேளார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். ஊரார் பிடிமண், அதாவது ஊர் மண்ணில் ஒரு பிடி, எடுத்துக் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். முதலில் நாலு கால், நாலும் உள்ளே கூடான குழாய்கள். கனமாக வைத்தால் உள்ளே தங்கும் ஈரம் ஆவியாகிச் சூளையில் வெடித்துவிடும். கால் இறுகின பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து, தலை.

"வயிறு எப்பய்யா வைப்பீங்க?"

"அதுக்கென்னத்தா அவசரம், காலு இறுகட்டும்" என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஐயனார் கோயில் காட்டுக்குப் போனேன். பழைய குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்குத் தலையில்லை. இன்னொன்றின் வயிற்றுக்குள்ளிருந்து செடி எட்டிப் பார்க்கிறது. யாரும் ஒட்டவைப்பதில்லை, அள்ளிக் கொட்டுவதுமில்லை. பக்கத்தில் புதுசு வந்து நிற்கும், அவ்வளவுதான். ஒரு கோப்பை கோணினதற்கு அழுத என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் கை இளகியது. ஆனால் இதை என் 'படைப்பாற்றல்' என்று அந்த வேளார் பெரியவரிடம் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அவருக்கு இது சாமி காரியம், தலைமுறையாக வரும் பொறுப்பு. அதனால்தான் ஐயனார் குதிரையைக் குவளையில் அச்சடித்து "எங்கள் டிசைன்" என்று விற்பதைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. பார்த்துச் செய்யுங்கள், தப்பில்லை. யாரிடம் பார்த்தோம் என்று ஒரு வரி எழுதினால் குவளை ஒழுகிவிடாது.

நானும் பிடிமண்ணில்தான் ஆரம்பித்தேன். அம்மா வீட்டுக் கொல்லை மண்ணை வடிகட்டிப் பிசைந்தேன். வகுப்புக் களிமண் தாங்குகிற சூட்டை இது தாங்காது, உப்பி உருகிவிடும் என்று ஆசிரியை தனியாகக் குறைந்த சூட்டில் சுட்டுக் கொடுத்தார். காது போனது என் தப்பு. தலை காய்ந்த பிறகு ஈரக் காதை ஒட்டினால் எப்படி நிற்கும்?

குதிரை இப்போது பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அடுத்ததற்கு நேற்றுதான் கால் நிறுத்தியிருக்கிறேன். இறுகட்டும்.