அச்சாரம்

கும்பகோணம் பக்கம் கல்யாணத்துக்கு மேளம் பேசப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் அச்சாரப் பணம். தேதி, முகூர்த்த நேரம், முதல் நாள் ஜானவாசம் உண்டா, எத்தனை தவில், போகவர வண்டி யார் பொறுப்பு, எல்லாம் அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். நாகஸ்வர வித்வான் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டைரியில் குறித்துவிட்டார் என்றால் அந்தத் தேதி உங்களுடையது. அப்புறம் இன்னொருவர் இரண்டு மடங்கு தருகிறேன் என்று வந்து நின்றாலும் போகமாட்டார்.

பதினோரு வருடமாக இவர்களைப் பற்றித்தான் எழுதிப் பிழைக்கிறேன். இந்த ஒரு பழக்கத்தை இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு ஏழு வருடம் ஆனது.

இதை இன்றைக்கு எழுதக் காரணம், போன வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து வந்த போன். "மேடம், பங்குனி உற்சவ மேளம் பத்தி ஒரு கட்டுரை வேணும். ரெண்டாயிரம் வார்த்தை, நாலு போட்டோ. பட்ஜெட் இல்ல, ஆனா உங்களுக்கு நல்ல ரீச் கிடைக்கும்." பேசிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் இப்படிப் பேசிப் பார்க்கட்டும், என்ன பதில் வருகிறதென்று.

நான் பாத்திரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். 2014-ல் ஒரு நாளிதழின் இணைப்பில் கோயில் விழாச் செய்தி எழுத ஆரம்பித்தேன். ஒரு செய்திக்கு 300 ரூபாய். வீதியுலா முடிய ராத்திரி ஒன்றரை ஆகிவிடும், பஸ் கிடையாது. மண்டபத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்து நாலரை மணி முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். அம்மா ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் மேளக்காரர்கள் வேனிலேயே ஓர் இடம் கிடைத்தது. தவிலுக்கும் சுருதிக்கு ஒத்து ஊதுகிற பையனுக்கும் நடுவில். நான் கற்றது பாதிக்குமேல் அந்த வேனில்தான்.

முதல் வருடம் எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால் கூசுகிறது. 'இசை மழையில் நனைந்த பக்தர்கள்' என்று ஒரே மாதத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். என்ன ராகம், எவ்வளவு நேரம், தவில்காரர் எங்கே அடக்கி வாசித்தார், ஒன்றும் கிடையாது. ராகம் எழுதத் துணிந்த முதல் தடவையே மாட்டிக்கொண்டேன். ஷண்முகப்ரியாவை சிம்மேந்திரமத்யமம் என்று எழுதிவிட்டேன், அச்சாகியும் விட்டது. காலையில் வித்வானே போன் பண்ணினார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏம்மா, ரெண்டுக்கும் நிஷாதம் ஒண்ணுதான் வித்தியாசம், கேளு" என்று போனிலேயே இரண்டையும் பாடிக் காட்டினார். எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. "சரி, சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றார். அதிலிருந்து மூன்று வருடம், செவ்வாயும் வெள்ளியும் அவர் வீட்டுத் திண்ணை. ஊதக் கற்றுக்கொள்ளவில்லை, கேட்கக் கற்றுக்கொண்டேன். கடைக் கணக்கை மதியத்தோடு முடித்துக்கொண்டு ஓடுவேன்.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வாதம் உண்டு. 'இசை பற்றி எழுதுகிறேன்' என்பது வேலையே இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ள ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு வாத்தியம், ஒரு ஜில்லா என்று பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கட்டுரைகள் வரத் தொடங்கியது நரசிங்கம்பேட்டைக்குப் போய்வந்த பிறகுதான். கும்பகோணம்–மயிலாடுதுறை ரோட்டில் பஸ்ஸில் தூங்கினால் தவறவிட்டுவிடக்கூடிய ஊர். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாத ஆசாரி இழைத்த நீளமான பாரி நாகஸ்வரம் அங்கேதான் பிறந்தது. ஆச்சா மரத்தில் செய்வார்கள். புது மரம் ஆகாது, பழைய வீடு இடித்த உத்தரமாகத் தேடுவார்கள். பட்டறையில் கடைசல் ஓடும்போது நம் புடவையெல்லாம் மரத்தூள். வாத்தியத்தின் நுனியில் மாட்டி வாயில் வைத்து ஊதுகிற சீவாளி தனிச் சமாச்சாரம். காவிரிக்கரை நாணலை வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மாதக்கணக்கில் பதப்படுத்தி எடுத்தாலும் பத்தில் ஒன்றிரண்டுதான் நன்றாகப் பேசுமாம். அதனால்தான் வித்வான்கள் வாத்தியத்திலேயே நான்கைந்து சீவாளியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாசித்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று மக்கர் பண்ணினால் அடுத்ததை வாயில் வைத்து ஈரமாக்கி, சின்ன ஊசியால் வாயைச் சரிபண்ணி மாட்டுவார்கள். அந்த அரை நிமிடம் தவில் தாங்கும். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

இதை எழுதினேன். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாருக்கும் திடீரென்று கட்டுரை தேவைப்பட்டது. போன் வந்தது எனக்குத்தான், ஏனென்றால் அதற்கு முன்பே அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தவள் நான். ஆவணப்படம் எடுக்கிறவர்களுக்குத் தகவல் திரட்டித் தருவது, விழா மலருக்கு எழுதுவது, மொழிபெயர்ப்பு என்று அதிலிருந்து கிளை விட்டது. கட்டுரைக் காசை மட்டும் நம்பியிருந்தால் இன்றைக்கும் பாத்திரக்கடையில்தான் இருப்பேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

(நாகஸ்வரமா நாதஸ்வரமா என்று இங்கே வந்து சண்டை போடாதீர்கள். ஓர் ஆசிரியர் நான் எழுதும் நாகஸ்வரத்தையெல்லாம் நாதஸ்வரமாக்குவார். இன்னொருவர் நாதஸ்வரத்தைக் கண்டால் நாகசுரமாக்குவார். இரண்டு பேரும் பணம் தாமதமாகத்தான் அனுப்புவார்கள்.)

சங்கீத விமர்சகர் சுப்புடு மாதிரி எழுதலாமே, கல்கி மாதிரி எழுதலாமே என்பவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகப்படுத்த வேண்டும். 'கர்நாடகம்' என்ற பெயரில் விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதியபோது கல்கி அந்தப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர். சுப்புடு டெல்லியில் மத்திய அரசு உத்தியோகம் பார்த்தவர். யாரையும் வாரிவிடலாம், மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அவர்கள் எழுத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. விமர்சனத்தை மட்டும் வைத்து அரிசி வாங்கியவர் தமிழில் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒரு பெயரும் வரவில்லை.

மார்கழி வந்தால் எல்லாப் பத்திரிகைக்கும் சங்கீதம் வேண்டும். சென்னை சபாக்களில் தொடக்க நாள் மங்கள இசைக்கு நாகஸ்வரம் வைப்பார்கள், முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். கேன்டீன் அடை அவியலுக்கு அரைப்பக்கம் கிடைக்கும், மங்கள இசைக்கு இரண்டு வரி. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் எங்கள் பக்கத்து மேளக்காரர்களுக்கு மார்கழி வறட்சி. ஆடியும் அப்படித்தான். அந்த இரண்டு மாதத்துக்கு அவர்கள் தையிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துவைப்பதைப் பார்த்துத்தான் நானும் தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்தேன்.

காசு வாங்கக் கூச்சப்படாதீர்கள் என்று சொல்கிறேன். யாரிடம் வாங்கக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. சொல்வது சுலபம். ஒருமுறை, கட்டுரை வந்த மறுநாள் ஒரு தவில்காரர் வீடு தேடி வந்தார். கையில் ஆப்பிள், ஒரு கவர். கவரில் 500 ரூபாய். முந்தின ராத்திரி முழுக்க வாசித்து அவர் வாங்கிய பங்கே 1,500-தான் என்று எனக்குத் தெரியும். "உங்களால பொண்ணு காலேஜ்ல எல்லாரும் கேட்டாங்களாம்மா" என்கிறார். கவரைத் திருப்பிக் கொடுத்தபோது முகம் சுருங்கிவிட்டது. ஆப்பிளை வாங்கிக்கொண்டேன். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. பணம் கொடுத்துப் பாராட்டு எழுதி வாங்குகிற பெரிய இடங்களும் உண்டு, அதற்கு ஆள் இருக்கிறது, ரேட்டும் இருக்கிறது. ஒரு தடவை அங்கே போனால் இந்தத் திண்ணைகளில் அப்புறம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

கற்றுக்கொண்ட இன்னொன்று சட்டம். ஓர் அமைப்பு என்னுடைய நான்கு கட்டுரைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் தன் மலரில் போட்டுக்கொண்டது. கேட்டதற்கு, "பத்திரிகைல அனுமதி வாங்கிட்டோமே" என்றார்கள். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நிருபர் எழுதியதைப் பிரசுரிக்கும் உரிமை பத்திரிகைக்கு. நம்மைப்போல வெளியிலிருந்து எழுதுகிறவர்களின் எழுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலொழிய, நம்முடையது. அப்படிக் கொடுத்தாலும் எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதவில்லையானால் ஐந்து வருடம்தான். இதை மரியாதையாகக் கடிதமாக எழுதி அனுப்பினேன். பணம் வந்தது. அந்த அமைப்பிலிருந்து அழைப்பு வருவது நின்றுபோனது.

அச்சாரம் கேட்க ஆரம்பித்தது 2021-ல். முதல் தடவை கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. "பாதி முன்பணம், மீதி கட்டுரை அனுப்பிய 15 நாளில்" என்று சொல்லிவிட்டு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். மூன்று பேர் அதோடு போனார்கள். இரண்டு பேர் கொடுத்தார்கள். அந்த இரண்டு பேருக்குத்தான் இன்றைக்கும் எழுதுகிறேன். திண்ணையில் இதைச் சொன்னபோது வித்வான் ஐயா சிரித்தார். "அச்சாரம் வாங்காம நாங்க வாசிச்சதெல்லாம் சொந்தக்காரன் கல்யாணம்தாம்மா. அங்கதான் சாப்பாடும் கடைசிப் பந்தி" என்றார்.

போன வாரத் தம்பியிடம் நான்காயிரம் சொன்னேன், பாதி முன்பணம். "எடிட்டர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் மேடம்" என்றான். இன்னும் சொல்லவில்லை.

நாச்சியார்கோவிலில் கல்கருடன் புறப்பாடு வருகிறது, கல்லில் செய்த கருடனைச் சுமந்து வரும் விழா. சன்னதியிலிருந்து நாலு பேர் தூக்கி, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் ஏறிக்கொண்டே போகும், மேளமும் அதற்கேற்ப நடை மாறும். கட்டுரை யாருக்கென்று முடிவாகவில்லை. கேட்கப் போவதற்கு யாரும் அச்சாரம் கொடுக்க வேண்டாம். வேனில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.