காட்டேரி சிரிக்கக் கூடாது

பழைய ரத்தக்காட்டேரி காமெடிப் படங்களை 'மொக்கைப் பேய்ப்படம்' என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தப் பேய்க்கு இருக்கிற கட்டுதிட்டம் வேறு எதற்கும் கிடையாது. கண்ணாடியில் உருவம் தெரியாது, சிலுவை ஆகாது, விடிவதற்குள் சவப்பெட்டிக்குத் திரும்பியாக வேண்டும். விதி கறாராக இருப்பதால்தான் அதை மீறும்போது சிரிப்பு வருகிறது.

ரோமன் போலன்ஸ்கியின் 'டான்ஸ் ஆஃப் த வேம்பயர்ஸ்' (1967) படத்தில் யூத விடுதிக்காரர் ஷாகல் காட்டேரியாகி வருவார். வேலைக்காரப் பெண் சிலுவையை நீட்டுவாள். அவரோ சிரித்துக்கொண்டே நெருங்குவார். அவர் மதத்துக்கும் சிலுவைக்கும் என்ன சம்பந்தம்?

கண்ணாடி காமெடி எடுப்பது லேசில்லை. பழைய ஸ்டூடியோக்களில் வழக்கமான வழி ஒன்று உண்டு: கண்ணாடி வைக்காமல் வெறும் சட்டம், அதற்குப் பின்னால் இடவலம் மாற்றிய அதே அறை, அதில் காட்டேரியை விட்டுவிட்டு மனிதருக்கு மட்டும் டூப். கை அரை நொடி பிந்தினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். 'ஆபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' (1948) படத்தில் இந்தப் பாடே படவில்லை; டிராகுலா கடிக்கக் குனியும்போது பிம்பம் கண்ணாடியில் பளிச்சென்று தெரிகிறது! ஆனாலும் படம் நிற்கிறது. காரணம் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி. 1931-இல் 'டிராகுலா' படத்தில் வந்த அதே விறைப்பு. பக்கத்தில் காமெடியன் காஸ்டெல்லோ பேச்சு வராமல் திணற, இவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காட்டேரியும் சேர்ந்து சேட்டை செய்தால் பயம் போய்விடும், பின்னாலேயே சிரிப்பும் போய்விடும்.

லுகோசி பிரிட்டனில் நடித்து 1952-இல் வெளியான 'மதர் ரைலி மீட்ஸ் த வேம்பயர்' அந்த அளவுக்கு இல்லை, சுற்றிலும் ஒரே கூச்சல். ஆனால் அந்த ஐடியா அருமை: ரோபோ படையை வைத்து உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போடுகிறார், கைவசம் ஒரே ஒரு ரோபோ. அதுவும் முகவரிச் சீட்டு மாறி வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது.

போலன்ஸ்கி படத்தைத் தேடினால் தலைப்பை நம்பாதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள். முழுப் படம் ஏறத்தாழ 108 நிமிடம். அமெரிக்காவில் பத்து நிமிடத்துக்கு மேல் வெட்டி, முன்னால் ஒரு கார்ட்டூனையும் ஒட்டி வெளியிட்டார்கள். இந்த மாதிரிப் படத்தில் காத்திருப்புதான் காமெடி, அதை வெட்டினால் வெறும் ஓட்டம்தான் மிஞ்சும். காட்டேரி வேட்டைக்கு வந்த பேராசிரியர் கல்லறை அறை ஜன்னலில் பாதி உடம்போடு சிக்கிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். உள்ளே சீடன் கையில் மரமுளை, சுத்தியல், காட்டேரி நெஞ்சில் அடிக்கத் தைரியமில்லை. சரி, வந்து என்னையாவது இழுத்துவிடு என்கிறார் அவர். கிளம்பியவன் வழியில் நாயகியைப் பார்த்ததும் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுவான். கிழவர் பனியில் விறைத்துக்கொண்டு அங்கேயே தொங்குவார்.