சொல்லியாச்சு இல்ல, இனி பாஸ் போடுங்கள்!

பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிற எல்லாரையும் கேட்கிறேன். எந்தத் துருப்பில் எத்தனை பிடி, அதாவது சுற்று, ஜெயிப்போம் என்று கேட்கும் ஏலத்தில் உங்கள் கையை முழுசாகச் சொல்லி முடித்த பிறகு எதற்கு மறுபடி வாயைத் திறக்கிறீர்கள்? ஏலப் பெட்டியில் அதிகமாக இருப்பதே பச்சை நிற பாஸ் அட்டைதான். அதை எடுத்து வைக்க மட்டும் ஏன் கை வர மாட்டேன் என்கிறது?

பெங்களூரில் ஒரு டீம் போட்டி. தருமபுரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் போனோம். எதிராளிகள் வல்னரபிள், அதாவது பிடி குறைந்தால் அபராதம் கூடுதல்; நாங்கள் இல்லை. நான் 1 ஸ்பேட் கேட்டேன், இடப்பக்கம் 2 ஹார்ட்ஸ், என் பார்ட்னர் நேராக 4 ஸ்பேட். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருக்கிறோம்: ஐந்து துருப்பு இருக்கிறது, பாயிண்ட் (பெரிய சீட்டு) கிடையாது, எதிராளிக்கு இடம் கொடுக்கக் கூடாது. அருமையான ஏலம். வலப்பக்கம் 5 ஹார்ட்ஸ் வந்தது, அதாவது ஹார்ட்ஸ் துருப்பில் 11 பிடி எடுப்போம் என்று. என் கையில் ஸ்பேடில் ஏஸ், கிங். ஹார்ட்ஸில் கிங், ஜாக், பத்து. டைமண்ட் ஏஸ், கிளாவர் ஏஸ். அவர்களால் முடியாது என்று, அபராதத்தை ஏற்றும் டபுள் போட்டேன். பார்ட்னர் 5 ஸ்பேடுக்கு ஓடிவிட்டார்!

5 ஹார்ட்ஸ் இரண்டு பிடி குறையும், எங்களுக்கு 500. அதை விட்டுவிட்டு, டபுளில் ஒரு பிடி குறைந்து 100 கொடுத்துவிட்டு எழுந்தோம். அதே சீட்டுகளை ஆடிய மற்ற டேபிளில் எங்கள் சீட்டையே வைத்திருந்த எதிர் டீம்காரர்கள் டபுளை அப்படியே விட்டு 500 வாங்கியிருந்தார்கள். 600 வித்தியாசம், டீம் போட்டிப் புள்ளிக் கணக்கில் 12 இம்ப், ஒரே போர்டில், அதாவது ஒரே ஆட்டத்தில்!

திரும்பி வரும்போது அத்திப்பள்ளியில் ஆரம்பித்த வாதம் கிருஷ்ணகிரி டோல்கேட் வரை ஓயவில்லை. "அவங்க எடுத்துடுவாங்கன்னு பயமா இருந்துச்சுப்பா" என்கிறார். "ண்ணா, அவங்க எடுப்பாங்களா மாட்டாங்களான்னு பார்க்கத்தானே நான் எதிரில உட்கார்ந்திருக்கேன்?" என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போன தடவை இதே மாதிரி கேட்டு ஜெயிச்சோமே" என்றார். இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆகவே ஆகாது. தப்பான ஏலம் ஒரு தடவை பலித்துவிட்டால் அதை ஆயுசுக்கும் சாட்சிக்குக் கூப்பிடுவதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரெஞ்சுக்காரர் ழான் ரெனே வெர்ன் 1969-ல் எழுதியது எல்லாருக்கும் தெரியும்: இரண்டு பக்கமும் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை, இரண்டு பக்கத்துத் துருப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய சமம். எங்களுக்கு 10 ஸ்பேட், அவர்களுக்கு 9 ஹார்ட்ஸ். மொத்தம் 19. அவர்களுக்கு 11 பிடி என்றால் எங்களுக்கு 8. அப்போது 5 ஸ்பேட் 500 நஷ்டம், ஆனால் அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய 850 மிச்சம். சரி, லாபம்தான். அவர்களுக்கு 10, எங்களுக்கு 9 என்றால் 200 வாங்க வேண்டிய இடத்தில் 300 கொடுக்கிறோம். 9, 10 என்றால் எங்களுக்கு நடந்த கதை. அவர்களுக்கு 11 இருக்கிறதா என்பது மூன்று ஏஸ் வைத்திருக்கிறவனுக்குத் தெரியுமா, ஒரு பாயிண்டும் இல்லாதவருக்குத் தெரியுமா?

ஹார்ட்ஸே இல்லாமல், ஏழு ஸ்பேட், அதுவும் இதுவரை சொல்லாத கை என்றால் ஓடலாம், ஒத்துக்கொள்கிறேன். அவர் வைத்திருந்தது ஐந்து ஸ்பேட், ஒரு ஹார்ட்ஸ். சொன்னதற்கு மேல் ஒரு சீட்டு கூட இல்லை! ஒரே கையை இரண்டு தடவை விற்கிறார்.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் இரட்டையரில் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு அறுபது வயது, இன்னொருவருக்கு ஐம்பத்தாறு. பல வருஷமாகச் சேர்ந்து ஆடிய ஜோடி. நம் ஊரில் சீட்டுக்கட்டைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர்களிடம் நான் காட்டுவது அவர்களைத்தான். எதிரில் இருப்பவரின் டபுளை நம்பாமல் அந்த இடத்துக்குப் போக முடியுமா?

என் பார்ட்னர் சீட்டு ஆடுவதில் கெட்டிக்காரர். ஏலத்தை ஜெயித்து ஆடும் டிக்ளேரராக அவர் எடுக்கிற பிடியை நான் எடுக்க மாட்டேன். அதனால்தான் வயிறு எரிகிறது. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: 4 ஸ்பேட் சொன்ன பிறகு என் டபுளைத் தொட மாட்டேன் என்று எங்கள் ஏல முறைக் காகிதத்தில் அவர் கையாலேயே எழுத வேண்டும். எழுதினால் போகிறோம். இல்லையென்றால் அவர் வேறு ஜோடி தேடிக்கொள்ளட்டும்.