மேனுவல் எடுத்ததற்கு விளக்கம் கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் நடந்த கார் மீட்டில் எடுத்த அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். ஏரிக்கரைப் பக்கம் நிறுத்தியிருந்த என் மேனுவல் (கிளட்ச் மிதித்து கையால் கியர் மாற்றுகிற) காருக்குள் போனை நீட்டி, கியர் லீவரைக் காட்டி, "காசைக் கொட்டி கஷ்டத்தை வாங்கியிருக்காங்க பாருங்க" என்று சிரிக்கிற தம்பி எனக்குத் தெரிந்த பையன்தான். அவனிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குக் கீழே வந்த கமென்ட்டுகளைப் பார்த்துத்தான். "சிஸ்டர், மேனுவல் எல்லாம் முடிஞ்சு போன கதை." "விக்காத ஸ்டாக்கை அக்கா தலையில கட்டிட்டாங்க போல." "லேடீஸ் ஓட்ட ஆட்டோமேட்டிக் இருக்கும்போது எதுக்கு இந்த வீம்பு?"

என் தலையில் யாரும் எதையும் கட்டவில்லை. கேட்டு, காத்திருந்து வாங்கினேன். ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ, அதாவது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 150 பிஎஸ் பவர், 250 என்எம் டார்க் (இழுவிசை). 2022-ல் இந்த வண்டி வந்தபோது 1.5 இன்ஜினுக்கு டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் மட்டும்தான். மேனுவல் வேண்டுமென்றால் சின்ன இன்ஜினோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். 2023-ல்தான் 1.5-க்கு ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். அதுவரை பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தேன். "150 பிஎஸ் எல்லாம் ஒரு பெர்ஃபார்மன்ஸ் காரா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் சம்பளத்துக்கும் நம் ரோட்டுக்கும் ஆமாம், அதுதான் பெர்ஃபார்மன்ஸ் கார்.

என் கருத்து ஒன்றுதான். பொது ரோட்டில் ஓட்டுவதற்காக, ஓட்டுகிற சந்தோஷத்துக்காக ஒருவர் பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குகிறார் என்றால் மேனுவல்தான் சரியான தேர்வு. ஆட்டோமேட்டிக் வேகமானது என்பதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்கள் ஒன்றில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். மூன்றில் போகும்போதே நான்கு தயாராக நிற்கும். கண் இமைப்பதற்குள் மாறிவிடும். எந்த மனிதக் கையாலும் அந்த வேகத்தில் மாற்ற முடியாது. போர்ஷே 911 ஜிடி3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வந்த மாடல் பிடிகே ஆட்டோமேட்டிக்கில் 100 கி.மீ. வேகத்தைத் தொட 3.4 விநாடி, மேனுவலில் 3.9 விநாடி என்று கம்பெனியே சொல்கிறது. அரை விநாடி. சரி. அந்த அரை விநாடியை அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை எந்த இடத்தில் செலவழிக்கப் போகிறீர்கள்?

20 கொண்டை ஊசி வளைவு. முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரி, பக்கத்தில் குரங்குக்கு பிஸ்கட் போடுவதற்காக நிறுத்திய கார். நேரம் பார்த்து ஓட்டுகிற ரோடே இல்லை அது. நேரம் பார்க்க வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது, அங்கே போங்கள். ("அப்போ மலையில ரேஸ் விடத்தான் இந்த வண்டியா" என்று கேட்டவருக்கும் இதே பதில்தான். நான் மலையில் ரேஸ் விடுவதில்லை. விடுகிறவர்களோடு சேர்வதும் இல்லை.)

அந்த ரோட்டில் மேனுவல் என்ன தருகிறது என்று சொல்கிறேன். வளைவு தூரத்தில் தெரிகிறது. வளைவில் வைத்திருக்கிற கண்ணாடியில் மேலிருந்து வண்டி வருகிறதா என்று பார்க்கிறேன். பிரேக்கில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே, பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு வருகிறேன். இன்ஜின் சத்தம் ஒரு படி ஏறுகிறது, வண்டி குலுங்காமல் கியர் விழுகிறது. திரும்பத் தொடங்கும்போதே எனக்குத் தேவையான கியர் மாட்டியாகிவிட்டது. வெளியே வரும்போது மிதித்தால் மிதித்த அளவுக்கு இழுக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது வண்டியின் வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. முப்பதில் கிடைக்கிற சந்தோஷம் இது. அதே வளைவில் டி (டிரைவ்) மோடில் வருகிற ஆட்டோமேட்டிக் பெட்ரோல் மிச்சம் பிடிக்க மூன்றிலேயே நிற்கும். நடுத் திருப்பத்தில் மிதித்தால் ஒரு கணம் யோசிக்கும், அப்புறம் இரண்டுக்கு இறங்கி ஒரு உதை கொடுக்கும். எஸ் (ஸ்போர்ட்) மோடில் போட்டால் சரியாகும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றுகிற பேடில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. நல்ல வசதிதான், என் நண்பர்களின் வண்டியில் ஓட்டியிருக்கிறேன். பேடிலில் நான் கேட்கிறேன், முடிவு செய்வது கம்ப்யூட்டர். இன்ஜின் சுற்று அதன் உச்ச வரம்பான ரெட் லைனைத் தொட்டால் பல வண்டிகளில் அதுவாகவே அடுத்த கியருக்குப் போய்விடும். எனக்கு முடிவும் என் கையில் வேண்டும்.

"ஃபார்முலா ஒன்னிலேயே கிளட்ச் பெடல் கிடையாது, அப்போ நரேன் கார்த்திகேயன் டிரைவர் இல்லையா" என்று ஒருவர் கேட்டு நூறு லைக் வாங்கியிருக்கிறார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்து கியர் மாற்றுவதை ஃபெராரி 1989-ல் கொண்டு வந்தது. முதல் ரேஸிலேயே, பிரேசிலில், அவர்கள் டிரைவர் நைஜல் மான்செல் ஜெயித்தார். அதற்கப்புறம் மற்ற டீம்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. ஏன் வந்தன? ஜெயிக்க வேண்டும் என்பதால். அங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் விலை உண்டு. எனக்கு ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் யாரும் கொடி ஆட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை.

"முடிஞ்சு போன கதை" என்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2013-ல் போர்ஷே புது ஜிடி3-ஐ பிடிகேயில் மட்டும் விட்டது. இனிமேல் இதுதான் என்றார்கள். வாங்குகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. 2016-ல் 911 ஆர் என்று மேனுவலிலேயே ஒன்று வந்தது, 2017-ல் ஜிடி3-க்கே மேனுவல் திரும்பி வந்தது. 2025-ல் அந்த மேனுவல் ஜிடி3 ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கை 6 நிமிடம் 56.294 விநாடியில் சுற்றியது. முந்தைய மாடல் பிடிகேயில் எடுத்த நேரத்தைவிட மூன்றரை விநாடிக்கு மேல் குறைவு. வண்டியே மாறியிருக்கிறது, அதனால் மேனுவல்தான் வேகம் என்று நான் சொல்ல வரவில்லை. முடிந்து போன கதை ஏன் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. டொயோட்டா சுப்ரா 2019-ல் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வந்தது, 2022-ல் மேனுவல் கொடுத்தார்கள். நம் ஊரிலேயே ஹூண்டாய் ஐ20 என் லைனுக்கு 2021-ல் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கொடுத்துவிட்டு, 2023-ல் அதை எடுத்துவிட்டு முழு மேனுவல் கொடுத்தார்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் கிடைக்கும். நாலு பேர் கேலிக்குப் பயந்து கேட்காமல் விட்டால் போய்விடும். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 2025-ல் நம் நாட்டுக்கு வந்ததே, எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தோம்! 265 பிஎஸ், டிஎஸ்ஜி மட்டும். உலகம் முழுக்கவே அந்த வண்டியில் மேனுவலை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

சேலம் ஐந்து ரோடு டிராஃபிக்கில் கால் வலிக்குமே என்றால், வலிக்கும். பழகிவிடும்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் கியரே கிடையாதே என்கிறீர்கள். ஹூண்டாய் ஐயானிக் 5 என் என்ற மின்சாரக் காரில், இல்லாத கியரை மாற்றுவது போன்ற இழுப்பையும் சத்தத்தையும் சாஃப்ட்வேரில் செய்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் வேண்டாம் என்றால் எதற்கு அவ்வளவு மெனக்கெட்டார்கள்?

முட்டி வலி உள்ளவர்கள், கால் முடியாதவர்கள், வயதானவர்கள் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது போல் எழுதியிருக்கிறார்கள். என் சிநேகிதி ஒருத்திக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காலில் பலம் இல்லை. ஆட்டோமேட்டிக் வந்த பிறகுதான் அவள் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். அந்த வண்டியின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். என்னைத் தெரிந்த ஒருவரே அதை இழுத்திருக்கிறார்: "உங்க அப்பாவே ஆட்டோமேட்டிக் எடுன்னுதானே சொன்னார்." சொன்னார். என் அப்பா சேர்வராயன் மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் ஏற்றிய லாரியை ஓட்டியவர். அந்தக் கால லாரி கியர் பாக்ஸில் சிங்க்ரோமெஷ் (கியர்களின் சுற்றைத் தானாக ஒன்றாக்கிக் கொடுக்கிற அமைப்பு) கிடையாது. கியர் குறைக்க வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரில் இன்ஜின் சுற்றைச் சரியாக ஏற்றி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். சுற்று கொஞ்சம் தப்பினாலும் கியர் விழாது. முழு லோடோடு இறக்கத்தில் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எனக்குக் கார் சொல்லிக்கொடுத்தபோது அவர் முதலில் சொன்னதே, "எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு பாப்பா, பிரேக்கை நம்பி எறங்காத" என்பதுதான். இன்றைக்கும் ஞாயிறு சாயங்காலம் அடிவாரத்தில் நின்று பாருங்கள், சக்கரத்திலிருந்து புகை வருகிற, பிரேக் லைனிங் கருகிய வாசம் அடிக்கிற கார் ஒன்றாவது நிற்கும். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைத்து வைத்து இறங்கலாம். ஆனால் டி-யில் போட்டுவிட்டால் அந்த எண்ணமே பலருக்கு வருவதில்லை.

அப்பாவின் இடது முட்டி தேய்ந்துபோய்விட்டது. அதனால்தான் எனக்கு ஆட்டோமேட்டிக் எடு என்றார். அவர் கூலிக்கு ஓட்டினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததில்லை. நான் பிரியப்பட்டு ஓட்டுகிறேன். இதை அவரிடம் சொன்னேன், சிரித்தார், வண்டியில் ஏறி உட்கார்ந்தார், ஏற்காடு போய் வந்தோம். இறங்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்திலும் "கியரைக் குறை" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் நடந்த இந்தப் பேச்சை எடுத்து வந்து கமென்ட்டில் எனக்கு எதிராகப் போடுவது எந்த விதத்தில் நியாயம்?

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கார் பார்க்க ஒரு ஷோரூமுக்குப் போனபோது என் சொந்தத் தம்பியைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். கேள்வி கேட்பது நான், பதில் போவது அவனுக்கு. "சார், மேடம் ஓட்டுறதுன்னா ஆட்டோமேட்டிக் காட்டுறேன் சார்." நான் என்ன ஓட்டுவேன் என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தம்பிக்கு மேனுவலே ஓட்டத் தெரியாது, அவன் கற்றுக்கொண்டதே ஆட்டோமேட்டிக்கில்தான். அவனே அதைச் சொன்ன பிறகும் அந்த ஆள் அவனைப் பார்த்துத்தான் பேசினார். அன்றைக்குப் பேசாமல் எழுந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவுக்குக் கீழே அதே பேச்சை, மீட்டில் என்னோடு டீ குடித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே மீட்டில் மேனுவல் வண்டியோடு வந்த அண்ணன்கள் இருந்தார்களே, அவர்களிடம் யாராவது "எதுக்கு இந்த வீம்பு" என்று கேட்டீர்களா? அவர்கள் ஓட்டினால் ரசனை, நான் ஓட்டினால் வீம்பா? வண்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், விடிய விடிய உட்கார்ந்து பதில் சொல்கிறேன். எனக்கு எது கஷ்டம், எது சுலபம் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

இன்பாக்ஸில் வந்து "அக்கா, நான் எதை எடுக்கட்டும்" என்று கேட்கிற தங்கைகளுக்கு: இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் என்று பைபாஸில் நேராகப் போய்த் திரும்பி வருவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்து, முதல் சில வளைவுகள் வரையாவது ஏற்றச் சொல்லுங்கள். வீட்டு ஆட்களோடு, ஏசி போட்டு ஏறுங்கள். ஏற்றத்தில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டாவது கியரில் பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆட்டோமேட்டிக்தான் பிடிக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். மேனுவல் டெஸ்ட் டிரைவ் வண்டி இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். வெளியூர் கிளையிலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். எனக்கு அப்படிச் சொல்லித்தான் வந்தது.