இரண்டு சிறு பள்ளிகள், ஒரே ஐந்தாம் வகுப்பு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையூர்ப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று ஒரு சாராரும், சென்னையிலுள்ள நல்ல ஆசிரியர்களைத் திரை வழியாக வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். முதல் யோசனையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை; சித்தேரி மலையில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று தினமும் அடுத்த ஊருக்கு நடந்து போய்வருவதை நினைத்துப் பார்த்தாலே போதும்.

திரைவழிப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டுக்கு, அமெரிக்கச் செயற்கைக்கோளின் உதவியோடு இஸ்ரோ ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுசென்றது. 2004-இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. 2019-இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆனால், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு வரும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குழந்தை, பின்னக் கணக்கில் வரும் சொல் ஒன்று புரியாமல் விழிப்பதை ஸ்டுடியோவில் நிற்பவர் எப்படிப் பார்க்க முடியும்?

சிறு பள்ளியின் குறை வேறிடத்தில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை அவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், அன்று ஐந்தும் மற்றவர் தலையில்தான். அதைவிடப் பெரிய குறை, ஐந்தாம் வகுப்பில் இரண்டே பேர் இருந்து ஒருவன் வராத நாளில், மற்றவனுக்கு "நீ போட்ட கணக்கு தப்புடா" என்று சொல்ல ஆளே இல்லை என்பதுதான்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம் இந்தக் குறையைத்தான் குறிவைத்தது. அங்கே தொலைவிலுள்ள சிறு பள்ளிகளை நகரத்தோடு கட்டிப்போடாமல், ஒன்றோடொன்று காணொளியில் இணைத்தார்கள்; வகுப்பாசிரியர் வகுப்பிலேயே இருந்தார்; பிள்ளைகள் பொதுவான இணையத் தளத்தில் கேள்விகளை எழுதி ஒருவருக்கொருவர் பதில் தேடினார்கள்.

இதை நாம் ஒரே குறுவள மையத்தின் (அருகருகே உள்ள பள்ளிகளின் தொகுப்புக்கான மையம்) கீழுள்ள இரண்டு ஈராசிரியர் பள்ளிகளில் செய்து பார்க்கலாம். ஒரு பள்ளியில் ஆசிரியர் விடுப்பெடுத்த நாளில், அங்கிருப்பவர் ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகளோடு உட்கார, நான்கும் ஐந்தும் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் திரைவழியே கணக்குக் கற்கலாம். சின்ன வகுப்புகளைத் திரைமுன் உட்கார வைக்கவே கூடாது. எழுத்துக் கூட்டும் வயதில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஆறாம் வகுப்புக்கு இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பள்ளிக்குத்தான் போகப்போகிறார்கள் என்பதால், அங்கே முன்பே பழகிய முகங்களாகச் சந்திப்பார்கள்.

கருவி என்றதும் எல்லோரும் பெரிய திரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பார்த்த ஒரு காணொளி வகுப்பில் படம் பளிச்சென்றுதான் இருந்தது. மின்விசிறி இரைச்சலில் எதிர்முனைச் சிறுமியின் பதில் கேட்கவில்லை. ஆசிரியர் விசிறியை நிறுத்த, பிள்ளைகள் வியர்க்க வியர்க்கப் பாடம் நடந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் அந்த வழியும் இல்லை. எனவே முதல் செலவு நல்ல மைக்குக்கும், மின்தடையைத் தாங்கும் பேட்டரிக்கும்தான். சிக்னல் விட்டுப்போகும் நாளுக்காக, அதே பாடத்தின் பயிற்சித்தாள் இரு பள்ளிகளிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இரு பள்ளிகளுக்கும் பொதுவான கால அட்டவணைக்கு அனுமதியும், இரு ஆசிரியர்களும் சேர்ந்து திட்டமிட வாரம் ஒரு மணி நேரமும் கொடுக்க வட்டாரக் கல்வி அலுவலர்கள் முன்வர வேண்டும். பென்னாகரத்திலோ அஞ்செட்டியிலோ இரண்டு பள்ளிகளில் ஒரு பருவத்துக்குத் தொடங்கினால் போதும்.