கேள்வி கேட்ட பிள்ளையிடம் ஒர்க்‌ஷீட்டை நீட்டாதீர்கள்

ஹோம்ஸ்கூலிங், அதாவது பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது, தொடங்கும் வீடுகளில் முதலில் வருவது டைம்டேபிள். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்கு ஆங்கிலம். அது போதாதென்று, பிள்ளை எதைக் கேட்டாலும் அதையும் பாடமாக்கிவிடுகிறோம். கேட்டால் எழுத்து வேலை வரும் என்று தெரிந்த பிள்ளை மறுபடி ஏன் கேட்கும்?

"மாவு ஏன்மா பொங்குது?" என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால், பதில் சொல்லாதீர்கள். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி பாட்டில்களை எடுங்கள். அப்போதுதான் அரைத்துக் கரைத்த இட்லி மாவைப் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று சமையல் மேடையில், ஒன்று வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்தில். எது முதலில் பொங்கும் என்று பிள்ளையே ஊகித்துச் சொல்லட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாவு நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடட்டும்.

சொதப்பும் இடங்கள்: முக்கால் பாட்டில் ஊற்றினால் வழியும். மூடியை இறுக்கினால் வாயு அடைபட்டு பாட்டில் வெடிக்கலாம். சும்மா ஒரு தட்டு வைத்து மூடுங்கள். தண்ணீர் கொதித்தால் மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் செத்து மாவு அப்படியே கிடக்கும். நடுவில் கிளறினால் குமிழ்கள் உடைந்து மட்டம் இறங்கிவிடும். (பிள்ளை கட்டாயம் கிளறும். கிளறட்டும், "ஏன் இறங்கிச்சு?" என்ற அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.) பாக்டீரியா, கரியமில வாயு எல்லாம் அதற்குப் பிறகு. கேட்காத வரை கிராஃப் பேப்பரை எடுக்கவே வேண்டாம்.

"ஒழுங்கா முடிச்சா சாக்லேட்" என்பதும் வேண்டாம். பரிசு ஆசை காட்டினால் இருக்கிற ஆர்வமும் குறையும் என்பதை, 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று ஆசை காட்டி வரைய வைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் பரிசு வாங்கிய பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

"அப்போ பத்தாவது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். என்ஐஓஎஸ் (பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத வழி தரும் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதக் குறைந்தபட்ச வயது 14. ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. பதிமூன்று வயதில் பழைய வினாத்தாள்களைக் கையில் எடுத்தால் தாராளமாகப் போதும். ஒன்பது வயதுப் பிள்ளையை மாதிரித் தேர்வுக்கு உட்கார வைக்க எந்த அவசியமும் இல்லை.