எந்த டப்ளின், அண்ணாச்சி?

(பாளையங்கோட்டையில் ஒரு வெளிநாட்டுப் பார்சல் கடை. மேசைக்கு இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற நூலகர், அந்தப் பக்கம் பில் போடும் தம்பி. நடுவில் ஒரு மிக்ஸி.)

தம்பி: எந்த ஊருக்கு அண்ணாச்சி?

அண்ணாச்சி: டப்ளின்.

தம்பி: எந்த டப்ளின்?

அண்ணாச்சி: இது என்ன கேள்வி? உலகத்துல ஒரே டப்ளின்தான். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914-ல ‘டப்ளினர்ஸ்’னு பதினஞ்சு கதை போட்டாரு. எந்த டப்ளின்னு அவர்ட்ட யாரும் கேக்கலையே!

தம்பி: அவரு மிக்ஸி அனுப்பலையே அண்ணாச்சி. இங்க பாருங்க, தட்டினா வரிசையா வருது. அயர்லாந்து தலைநகர். கலிபோர்னியா, ஒஹாயோ, ஜார்ஜியா, டெக்சாஸ், நியூ ஹாம்ப்ஷயர்... இன்னும் இறங்குது.

அண்ணாச்சி: ஏன், அமெரிக்காக்காரனுக்கு வேற பேரே கிடைக்கலையா? அந்தப் பேருக்கு அர்த்தமாவது தெரியுமா அவனுக்கு? ஐரிஷ்ல ‘டுவ் லின்’. கருத்த குளம். டப்ளின் கோட்டைக்குப் பின்னால இருந்த குளம்ப்பா. இப்ப அந்த இடம் புல்தரை, அதுல விழுந்த ஆறு பூமிக்கடியில ஓடுது.

தம்பி: குளம் இருக்கட்டும், பின்கோடு சொல்லுங்க.

அண்ணாச்சி: மனசுல இருக்கு. வாய்ல வரல.

தம்பி: எத்தனை இலக்கம்? அயர்லாந்துன்னா ஏழு, எழுத்தும் எண்ணும் கலந்து வரும். முதல் மூணு ஏரியாவுக்கு, பின்னால உள்ள நாலு அந்த ஒரே வீட்டுக்கு. பக்கத்து வீட்டுக்குக்கூட வேற. அமெரிக்கான்னா வெறும் எண், அஞ்சு. 94568 கலிபோர்னியா டப்ளின், 43016, 43017 ஒஹாயோ டப்ளின். நியூ ஹாம்ப்ஷயர்தான் எமகாதகம்: 03444. எக்செல்ல அடிச்சா முன்னால உள்ள சைபரை முழுங்கிட்டு நாலு எண்ணா நிக்கும். நம்ம சாஃப்ட்வேர் வெளியே தள்ளிரும்.

அண்ணாச்சி: எம் மகளுக்கா... ஏழெட்டு இருக்கும்.

தம்பி: கோடா?

அண்ணாச்சி: இல்ல, போயி ஏழெட்டு மாசம்.

தம்பி: சரி, எப்ப போன் பண்ணுவாங்க?

அண்ணாச்சி: ராத்திரி எட்டு மணிக்கு. டாண்ணு அடிக்கும்.

தம்பி: இப்ப வைகாசி. நமக்கு எட்டுன்னா அயர்லாந்துல மதியம் மூணரை, ஒஹாயோல காலை பத்தரை, கலிபோர்னியால ஏழரை. அந்நேரம் என்ன பண்ணுதேன்னு சொல்லுவாங்க?

அண்ணாச்சி: “வேலையா இருக்கேம்ப்பா, அப்புறம் பேசுதேன்”னு சொல்லுவா.

தம்பி: அது எல்லா டப்ளின்லயும் அப்படித்தான்.

அண்ணாச்சி: இரு இரு! மார்ச்சுல எல்லாரும் பச்சைச் சட்டை போட்டு ஊர்வலம் போன போட்டோ அனுப்பினா. செயின்ட் பேட்ரிக் திருநாள்! முடிஞ்சுதா? அயர்லாந்து. பில்லைப் போடு.

தம்பி: அந்த ஊர்வலம் இந்த மூணு ஊருலயும் போகுது அண்ணாச்சி. ஒஹாயோக்காரங்க அதுவும் பத்தாதுன்னு ஆகஸ்ட்ல மூணு நாள் ஐரிஷ் திருவிழாவே நடத்துதாங்க.

அண்ணாச்சி: எந்த டப்ளினா இருந்தா உனக்கென்ன? மிக்ஸி மிக்ஸிதானே!

தம்பி: அங்கதான் சிக்கலே. அடியில ஒட்டியிருக்கதைப் படிங்க. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட். அயர்லாந்துலயும் அதே 230, அதே 50. பிளக்குல மட்டும் பட்டை பட்டையா மூணு பின், உள்ளுக்குள்ள ஒரு பியூஸ். ஒரு அடாப்டர் மாட்டினா சட்னி ரெடி. அமெரிக்கான்னா 120 வோல்ட். பாதி வோல்ட்டுக்குப் பாதி பலம்னு நினைக்காதீங்க, அதைவிடக் குறைஞ்சிரும். தேங்காச் சில்லு பிளேடுல சிக்கி, மிக்ஸி உம்முனு நிக்கும்.

அண்ணாச்சி: டிரான்ஸ்பார்மர் வாங்கிக் குடுத்தா?

தம்பி: மோட்டார் கிளம்புதப்ப ரெண்டு மூணு மடங்கு கரண்ட் இழுக்கும்லா, அதனால 750-க்கு 1500 வாட்டாவது வாங்கணும். அது இந்த மிக்ஸிய விட கனம். அதுக்கு இங்கயே 110 வோல்ட் மிக்ஸி விக்காங்க, மாத்திக்கிடலாம். ஆனா அயர்லாந்துல அதை மாட்டினா புகைதான். ஆமா, அந்த டப்பால என்ன?

அண்ணாச்சி: நெய். வீட்டுல உருக்கினது.

தம்பி: அயர்லாந்துன்னா எடுத்திருங்க. பால்ல செஞ்சதை வீட்டுப் பார்சல்ல ஐரோப்பாக்குள்ள விட மாட்டாங்க. மக என்ன வேலை பாக்காங்க?

அண்ணாச்சி: என் தொழில்தான், நூலகம். டப்ளின் கோர் வச்ச ஆபீஸ்.

தம்பி: டப்ளின் கோரா? நம்ம பேட்டை மாதிரி ஏரியாவா?

அண்ணாச்சி: ஏரியா இல்லப்பா! புத்தகமோ, படமோ, எதுவானாலும் தலைப்பு, படைச்சவர், தேதி, மொழின்னு பதினஞ்சு கூறாப் பிரிச்சு எழுதி வைக்கிற முறை. 1995-ல ஒரு கூட்டத்துல பிறந்தது. பேரைப் பாத்துட்டு அயர்லாந்துன்னு நினைக்கிறவன் நூலகனே இல்ல. அது ஓசிஎல்சிங்கிற நூலகக் கூட்டமைப்போட ஆபீஸ் இருக்க ஒஹாயோ...

(நிறுத்துகிறார். தம்பி மிக்ஸியைப் பார்க்கிறார். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்க்கிறார்.)

தம்பி: வேற போட்டோ ஏதும் உண்டா அண்ணாச்சி?

அண்ணாச்சி: இந்தா. சிமெண்டுல செஞ்ச சோளக்கதிர் நடுவுல நிக்கா. ஒவ்வொண்ணும் ஆளுயரம். அயர்லாந்துல சோளம் ஏதுன்னு அன்னைக்கே எனக்கு ஒரு உறுத்தல்.

தம்பி: (தேடிப் பார்த்து) இந்தா வந்துட்டுல்லா! 109 கதிர், 1994-ல நட்டது. ஒஹாயோ டப்ளின்.

அண்ணாச்சி: நான்தான் முதல்லயே சொன்னேனே.

தம்பி: ஆமா ஆமா. பெட்டி 45, 30, 30 சென்டிமீட்டர். பெருக்கி 5000-ஆல வகுத்தா, பெட்டி அடைக்கிற இடத்துக்கான எடை 8.1 கிலோ. தராசு 6 காட்டுது. எது கூடுதலோ அதுக்குத்தான் பில்.

அண்ணாச்சி: அப்ப ரெண்டு கிலோ காத்துக்கும் காசு குடுக்கணுமா?

தம்பி: பருப்புப்பொடிப் பாக்கெட்டை எல்லாம் ஜாருக்குள்ள திணிங்க. 45-ஐ 35 ஆக்கிரலாம், 6.3-ல நிக்கும். 110 வோல்ட் மிக்ஸிய மாத்திட்டு வாங்க, அதுக்குள்ள பாரத்தை எழுதிருதேன். அனுப்புறவங்க ஊரு?

அண்ணாச்சி: கருங்குளம்.

தம்பி: எந்தக் கருங்குளம்? ஸ்ரீவைகுண்டம் பக்கமா, மணப்பாறை பக்கமா?

அண்ணாச்சி: இது என்ன கேள்வி? உலகத்துல ஒரே கருங்குளம்தான்!